வென்டிலேட்டர் குழாயில் தண்ணீர் கோர்ப்பது ஏன், அதைக் குறைப்பது எப்படி?

ஐசியுவில் வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி பயந்துபோய்க் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அந்தக் குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிறதே, அது நுரையீரலுக்குள் போய்விடாதா?" புதிதாகப் பணிக்கு வந்த செவிலியர்களுக்கும் இதே குழப்பம் வேறு வடிவில் வருகிறது. தண்ணீர் சேர்கிறது, அலாரம் அடிக்கிறது, வடித்துவிட்டால் அரை மணி நேரத்தில் மறுபடி சேர்கிறது. காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் கருவியான ஹ்யூமிடிஃபையரின் வெப்பத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். தண்ணீர் குறையலாம், ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து வந்து சேரும். தண்ணீரைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் நோயாளிக்குப் போக வேண்டிய ஈரத்தைக் குறைத்து அதைச் செய்யக் கூடாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

முதலில், காற்றுக்கு ஏன் ஈரம் சேர்க்கிறோம்?

நாம் மூக்கால் இழுக்கும் காற்றை மூக்கும் தொண்டையும் சூடாக்கி, ஈரமாக்கி, வடிகட்டி அனுப்புகின்றன. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தைத் தாண்டிச் சற்றுக் கீழே போவதற்குள் அந்தக் காற்று 37 டிகிரி செல்சியஸுக்கு வந்து, அந்த வெப்பத்தில் தாங்கக்கூடிய முழு நீராவியையும் ஏற்றிக்கொண்டிருக்கும். அப்போது ஒரு லிட்டர் காற்றில் 44 மில்லிகிராம் நீர் இருக்கிறது. இந்த 44 என்ற எண் கட்டுரை முழுக்க வரும்.

வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் எண்டோட்ரக்கியல் குழாய் போட்டதும், அல்லது கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கும் ட்ரக்கியாஸ்டமி செய்ததும், மூக்கின் வேலை மொத்தமும் போய்விடுகிறது. அதோடு மருத்துவமனைக் குழாய்வழி வரும் ஆக்சிஜனும் அழுத்தக் காற்றும் கிட்டத்தட்ட ஈரமே இல்லாதவை. அதை அப்படியே உள்ளே செலுத்தினால் சளி கெட்டியாகிக் காய்ந்துவிடும், சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் வேலை செய்யாமல் நின்றுவிடும், கடைசியில் எண்டோட்ரக்கியல் குழாயே காய்ந்த சளியால் அடைத்துக்கொள்ளலாம். அடைத்துக்கொண்டால் அது நிமிடக் கணக்கில் உயிரைப் பறிக்கக்கூடிய அவசரநிலை.

அதனால்தான் அமெரிக்க சுவாசப் பராமரிப்புச் சங்கத்தின் 2012 வழிகாட்டுதல், செயற்கைச் சுவாசப் பாதை உள்ள எல்லோருக்கும் ஈரமூட்டல் வேண்டும் என்கிறது. சூடாக்கும் ஹ்யூமிடிஃபையர் என்றால் ஒரு லிட்டர் காற்றுக்கு 33 முதல் 44 மி.கி. வரை, நோயாளியின் வெளிமூச்சு ஈரத்தையே பிடித்துத் திருப்பித் தரும் சாதாரண எச்எம்இ ஃபில்டர் என்றால் குறைந்தது 30 மி.கி. நீர் கிடைக்க வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு அதிக நீராவியைத் தாங்கும். குளிர்ந்தால் தாங்கும் அளவு குறைகிறது, மிஞ்சியது நீர்த்துளியாகிறது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதனால்தான். வென்டிலேட்டர் சர்க்யூட்டில், அதாவது இயந்திரத்தையும் நோயாளியையும் இணைக்கும் குழாய்த் தொகுப்பில், இது உள்பக்கமாக நடக்கிறது: உள்ளே சூடான ஈரக்காற்று, வெளியே ஏசி அறை, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் சுவர். குழாயின் நடுவே போகும் காற்றின் வெப்பம் எவ்வளவு என்பதைவிட, உள்சுவரில் எந்த இடம் மிகக் குளிர்ந்திருக்கிறது என்பதே முக்கியம், ஏனென்றால் துளி கட்டுவது அங்கேதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. முழு ஈரத்துடன் 37 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் காற்றில் 44 மி.கி. நீர் உள்ளது.
2. அதே காற்று 22 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 19 மி.கி. மட்டுமே தாங்கும். மீதி 25 மி.கி. சுவரில் இறங்குகிறது.
3. நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்று போகிறது என்றால் ஒரு நாளில் 14,400 லிட்டர்.
4. வழியில் முழுவதும் அறை வெப்பத்துக்கு இறங்கிவிட்டால், ஒரு நாளில் சுமார் 350 மில்லி தண்ணீர் குழாயில் சேரும்.

காற்று உண்மையில் அந்த அளவுக்கு முழுதாகக் குளிர்வதில்லை, ஆகவே இது மேல் எல்லை. ஆனாலும் சூடேற்றாத குழாயில் ஏன் அடிக்கடி வடிக்க வேண்டியிருக்கிறது என்பது இதில் தெரிந்துவிடும். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இதற்குள் இருக்கிறது: சுவரில் இறங்கிய ஒவ்வொரு துளியும் நோயாளிக்குப் போய்ச் சேராத ஈரம். குழாய் முழுக்க நனைந்திருக்கும்போதே நோயாளியின் சளி காய்ந்துகொண்டிருக்கலாம். "இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, ஈரம் போதுமானதுதான்" என்று நினைப்பது பெரிய தவறு.

உள்ளே போகும் குழாய், வெளியே வரும் குழாய்

பெரும்பாலான ஐசியு சர்க்யூட்டில் இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று ஹ்யூமிடிஃபையரிலிருந்து நோயாளிக்குப் போவது. மற்றொன்று நோயாளி வெளிவிடும் காற்றை இயந்திரத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது. இரண்டும் நோயாளிக்கு அருகே ஒய் வடிவ இணைப்பில் சேர்கின்றன.

முதல் கிளைக்கு இப்போது பரவலாக இருக்கும் ஏற்பாடு, குழாய்க்குள்ளோ அதன் சுவரிலோ ஓடும் ஹீட்டர் வயர். ஹ்யூமிடிஃபையரின் நீர்க்கலத்திலிருந்து காற்று 37 டிகிரியில், 44 மி.கி. ஈரத்துடன் வெளியேறும். அங்கிருந்து ஒய் இணைப்பு வரை வயர் அதை 40 டிகிரி வரை மெதுவாக ஏற்றும். 40 டிகிரி காற்றால் 51 மி.கி. வரை தாங்க முடியும், அதில் இருப்பதோ 44 தான். அதாவது ஒப்பு ஈரப்பதம் (தாங்கக்கூடிய அளவில் இருப்பது எவ்வளவு என்பது) 86 சதவீதம், ஆகவே துளி கட்டாமல் இருக்க இடைவெளி கிடைக்கிறது. ஒய் இணைப்பைத் தாண்டி வயர் இல்லாத சிறிய குழாயில் போகும்போது காற்று மறுபடி 37க்கு இறங்கி, முழு ஈரத்துடன் உள்ளே நுழைகிறது. அந்த 3 டிகிரிதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

வெளியே வரும் கிளையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நோயாளி விடும் மூச்சு 30 டிகிரிக்கு மேல், முழு ஈரத்துடன் வருகிறது. அந்தக் கிளையில் வயர் இல்லையென்றால் அங்கேயும் தண்ணீர் நிற்கும். இதற்கு இரண்டு வழிகள்: அந்தக் கிளையிலும் ஹீட்டர் வயர் வைப்பது, அல்லது நீராவி மட்டும் வெளியேறும்படியான சுவாசிக்கும் சுவர் கொண்ட குழாயைப் பயன்படுத்துவது. இரண்டையும் சேர்த்துத் தரும் சர்க்யூட்டுகளும் உண்டு.

குழாயில் நிற்கும் தண்ணீர் என்ன செய்யும்?

1. பொய்யான மூச்சைத் தூண்டும். நோயாளி மூச்சிழுக்க முயல்கிறார் என்பதை வென்டிலேட்டர் அழுத்தத்திலோ காற்றோட்டத்திலோ வரும் சிறு மாற்றத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. தொங்கும் குழாயின் வளைவில் தண்ணீர் முன்னும் பின்னுமாக அலையும்போது அதே மாதிரியான மாற்றம் உண்டாகிறது. நோயாளி கேட்காத மூச்சை இயந்திரம் கொடுக்கிறது. திரையில் சுவாச எண்ணிக்கை திடீரென்று ஏறும். நோயாளி பதற்றமாக இருக்கிறார் என்று மயக்க மருந்தைக் கூட்டுவதற்கு முன் குழாயைப் பார்க்க வேண்டும்.

2. அலையோட்டத்தைக் கெடுக்கும். திரையில் வழுவழுப்பாக இறங்க வேண்டிய காற்றோட்டக் கோடு ரம்பப்பல் போல நடுங்கும். சளி சேர்ந்தாலும் இப்படித்தான் தெரியும். அதனால், சளியை உறிஞ்சி எடுக்க உடனே சக்‌ஷன் போட ஓடாமல், குழாயில் தண்ணீர் நிற்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. தேவையில்லாத சக்‌ஷன் நோயாளிக்கு வேதனை, ஆக்சிஜனும் இறங்கும்.

3. அழுத்தத்தையும் அளவையும் மாற்றும். குழாயின் குறுக்களவு சுருங்கினால் காற்று போகத் தடை கூடும், உயர் அழுத்த அலாரம் அடிக்கும். காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ சென்சாருக்குள் துளி போனால் காட்டும் அளவே தப்பாகிவிடும்.

4. வெளிமூச்சு ஃபில்டரை அடைக்கும். இது மெதுவாக நடப்பதால் அதிக ஆபத்தானது. வெளியே வரும் கிளையின் முடிவில் உள்ள ஃபில்டர் நனைந்துகொண்டே போனால், நோயாளி முழுதாக மூச்சை விடும் முன்பே அடுத்த மூச்சு வந்துவிடும். காற்று நுரையீரலில் தேங்கும், அழுத்தம் படிப்படியாக ஏறும், இரத்த அழுத்தம் விழலாம், மோசமான நிலையில் நுரையீரல் கிழிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசியலாம். நெபுலைசர் மருந்து கொடுக்கும் நோயாளிகளில் மருந்துத் துகளும் ஃபில்டரில் படிவதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

5. கிருமியைக் கொண்டுபோகும். அந்தத் தண்ணீர் சுத்தமானது அல்ல. 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலேயே, புதிதாக மாட்டிய சர்க்யூட்டுகளில் பெரும்பாலானவற்றில் 24 மணி நேரத்துக்குள் கிருமிகள் குடியேறிவிட்டதைக் கண்டார்கள். கிருமி பெரும்பாலும் நோயாளியின் தொண்டையிலிருந்தே குழாய்க்கு வருகிறது. நோயாளியைப் புரட்டும்போது அந்தத் தண்ணீர் மொத்தமாக மூச்சுக்குழாய்க்குள் கவிழ்ந்தால், அது நேரடியாக நுரையீரலுக்குள் போகும் அசுத்த நீர். வென்டிலேட்டர் நிமோனியா வருவதற்கான வழிகளில் இதுவும் ஒன்று.

ஆரம்பத்தில் சொன்ன உறவினரின் பயம் நியாயமானதே. தண்ணீர் உள்ளே போகலாம். போகாமல் பார்த்துக்கொள்வது படுக்கையருகில் இருப்பவரின் வேலை.

வெப்பத்தைக் குறைப்பது ஏன் தீர்வாகாது?

நீர்க்கலத்தின் வெப்பத்தை 37லிருந்து 31க்கு இறக்கினால் குழாய் காய்ந்துவிடும், உண்மைதான். ஆனால் 31 டிகிரியில் முழு ஈரத்துடன் வெளிவரும் காற்றில்கூட லிட்டருக்குச் சுமார் 32 மி.கி. தான் இருக்கும். அதற்குப் பிறகு காற்றை எவ்வளவு சூடாக்கினாலும் ஈரம் கூடாது. முகமூடி வழியாகச் சுவாசிப்பவருக்கு அது போதும், அவருடைய மூக்கு மீதியைப் பார்த்துக்கொள்ளும். எண்டோட்ரக்கியல் குழாய் உள்ளவருக்கு அந்த உதவி கிடையாது. ஹ்யூமிடிஃபையர் தவறுதலாக முகமூடி நிலையில் விடப்பட்டிருந்தாலும் இதே விளைவுதான், அதனால் ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

காய்ந்த குழாய் வேறு காரணத்தாலும் ஏமாற்றும். ஹ்யூமிடிஃபையர் பெரும்பாலும் ஈரத்தை அளப்பதில்லை, வெளியேறும் காற்றின் வெப்பத்தைத்தான் அளக்கிறது. அறை மிகவும் சூடாக இருந்தாலோ, நீர்க்கலத்தின் மேல் வெயில் விழுந்தாலோ, டர்பைன் உள்ள வென்டிலேட்டர் தன் காற்றைத் தானே சூடாக்கி அனுப்பினாலோ, காற்று கலத்துக்குள் நுழையும்போதே 37ஐ நெருங்கியிருக்கும். கருவி "இலக்கு வந்துவிட்டது" என்று ஹீட்டர் தட்டைத் தணித்துவிடும். தண்ணீர் ஆவியாகாது. திரையில் 37 என்று அழகாகக் காட்டும், குழாயும் சுத்தமாகக் காய்ந்திருக்கும், நோயாளிக்கு மட்டும் ஈரம் போகாது. நீர்க்கலத்தின் உள்சுவரில் துளிகள் இருக்கின்றனவா, தண்ணீர் குறைந்துகொண்டு வருகிறதா, சளி எப்படி இருக்கிறது என்று பார்த்தால் உண்மை தெரியும். நோயாளிக்கு மிக அருகில் உள்ள சிறு குழாயில் லேசான மூடுபனியும் சில துளிகளும் இருப்பது நல்ல அறிகுறி. அதைக் கண்டு பதற வேண்டாம்.

சரி, அப்புறம் எப்படித்தான் குறைப்பது?

1. குளிர்காற்று படாமல் பாருங்கள். ஏசியின் காற்று நேராகக் குழாயின் மேல் விழுந்தால் எவ்வளவு நல்ல ஹீட்டர் வயரும் தோற்றுவிடும். மின்விசிறியும் அப்படியே. ஏசியின் இதழ்களைத் திருப்பிவிடுவதோ கட்டிலைச் சற்று நகர்த்துவதோ செலவே இல்லாத தீர்வு, பல இடங்களில் இதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கிறது.

2. வயர் உண்மையிலேயே வேலை செய்கிறதா? அதன் மின் இணைப்பைச் செருக மறப்பது சாதாரணமாக நடக்கும். வெப்ப உணரியும் அதன் துளையில் முழுதாக அமர்ந்திருக்க வேண்டும். பாதி வெளியே நின்றால் அது அறைக்காற்றை அளந்து கருவியைக் குழப்பும். தொடங்கிய புதிதில் குழாய் குளிர்ந்திருப்பதால் தண்ணீர் சேர்வது இயல்பு. வெப்பம் நிலைத்த பிறகும் சேர்ந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

3. பொருந்தாத சர்க்யூட்டை மாட்டாதீர்கள். ஒரு நிறுவனத்தின் வயர் குழாயை இன்னொரு நிறுவனத்தின் ஹ்யூமிடிஃபையரில் மாட்டினால் மின்தடை வேறுபட்டு, ஒன்று சூடேறாது, அல்லது அதிகமாகச் சூடேறிக் குழாய் உருகும்.

4. துணியால் சுற்றாதீர்கள். குளிராமல் இருக்கட்டும் என்று போர்வையையோ துண்டையோ வயர் குழாயின் மேல் போடுவது ஆபத்து, சூடு வெளியேறாமல் குழாய் உருகலாம். தயாரிப்பாளர் அந்தக் குழாய்க்கென்றே தரும் உறை இருந்தால் மட்டும் போடலாம். இரட்டைச் சுவர் கொண்ட குழாய்கள் இந்த வேலையைத் தாமே செய்கின்றன.

5. சரிவு. ஹ்யூமிடிஃபையர் நோயாளியின் தலைமட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். குழாய் நோயாளியிடமிருந்து கீழ்நோக்கிச் சரிய வேண்டும், நடுவில் தொட்டில் போலத் தொங்கக் கூடாது. குழாயைத் தாங்கும் கையை உயர்த்தி வைப்பது சின்ன வேலை, பலன் பெரிது.

6. வாட்டர் ட்ராப், அதாவது குழாயில் சேரும் தண்ணீரைப் பிடிக்கும் சிறு கலம். வயர் இல்லாத கிளையில் இது அவசியம். சர்க்யூட்டின் மிகத் தாழ்ந்த இடத்தில், நிமிர்ந்த நிலையில் இருந்தால்தான் தண்ணீர் அதற்குள் விழும். கட்டிலின் மேல் சாய்ந்து கிடக்கும் ட்ராப்பால் பயனில்லை. நிரம்பும் முன்பே காலி செய்ய வேண்டும்.

7. ஃப்ளோ சென்சார் நோயாளியருகே இருந்தால், அதிலிருந்து போகும் மெல்லிய குழாய்கள் மேல்நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். கீழ்நோக்கி இருந்தால் துளிகள் அவற்றுக்குள் இறங்கிவிடும்.

எச்எம்இ போட்டால் போதுமா?

எச்எம்இ என்பது வெளிமூச்சின் வெப்பத்தையும் ஈரத்தையும் பிடித்து வைத்து அடுத்த உள்மூச்சுக்குத் திருப்பித் தரும் சிறிய பெட்டி. மின்சாரம் வேண்டாம், குழாயிலும் தண்ணீர் கிட்டத்தட்ட சேராது. அறுவை சிகிச்சைக்குப் பின் சில மணி நேரமோ, நோயாளியை இடம் மாற்றும்போதோ அது மிகப் பொருத்தம். ஆனால் எல்லோருக்கும் ஆகாது: கெட்டியான அல்லது இரத்தம் கலந்த சளி, உடல் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழ் இறங்கியவர், நிமிடக் காற்று 10 லிட்டருக்கு மேல் தேவைப்படுபவர், விடும் மூச்சில் பெரும்பகுதி கசிந்துபோகிறவர் ஆகியோருக்குத் தவிர்க்க வேண்டும். நுரையீரலைக் காக்கச் சிறிய மூச்சாகக் கொடுக்கும்போதும் அதன் உள்ளிடம் வீண் இடமாகி, விட்ட மூச்சே அங்கே தங்கி மறுபடி உள்ளே போவதால், உடலில் கரியமில வாயுவை ஏற்றும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சூடாக்கும் ஹ்யூமிடிஃபையர் ஓடும் சர்க்யூட்டில் எச்எம்இயை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அது நீரால் நிறைந்து அடைத்துக்கொள்ளும், நோயாளிக்கு மூச்சே போகாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நேரத்தில்தான் இந்தத் தவறு நடக்கிறது.

வடிக்கும்போது

எப்போதும் நோயாளியிடமிருந்து விலக்கி, ட்ராப்பை நோக்கி வடிக்க வேண்டும். நோயாளியைப் புரட்டுவதற்கும், கட்டிலின் தலைப்பக்கத்தை ஏற்றி இறக்குவதற்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும், பின்பு செய்வதில் பயனில்லை. கையுறை கட்டாயம், தெறிக்கும் என்றால் முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். சேர்ந்த தண்ணீரை நீர்க்கலத்துக்குள் திரும்ப ஊற்றக் கூடாது, அது கிருமி கலந்த கழிவு. குழாயை அடிக்கடி கழற்றுவதும் கூடாது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் நுரையீரல் சுருங்குகிறது, துகள்கள் அறைக்குள் பறக்கின்றன. மூடிய நிலையிலேயே காலி செய்யக்கூடிய ட்ராப் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

நாள் கணக்கு வைத்துச் சர்க்யூட்டை மாற்றினால் நிமோனியா குறையும் என்று முன்பு நம்பினார்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசியின் 2003 வழிகாட்டுதல் அதை வேண்டாம் என்கிறது: கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ பழுதோ இருந்தால் மட்டும் மாற்றுங்கள், சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

பச்சிளங்குழந்தைகளின் நிலை

இங்கே எல்லாமே நுணுக்கம். ஒரு கிலோ எடையுள்ள குறைப்பிரசவக் குழந்தையின் ஒரு மூச்சே சுமார் 5 மில்லிதான். பெரியவருக்குப் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுத் தண்ணீர் இந்தக் குழந்தையின் முழு மூச்சுக்குச் சமம். உள்விட்டம் 2.5 மி.மீ. உள்ள எண்டோட்ரக்கியல் குழாயை ஒரு துளியே தடுக்கும். அதோடு மூச்சுகளுக்கு இடையிலும் சர்க்யூட்டில் காற்று தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்பதால், குழந்தை சிறியது என்றாலும் தண்ணீர் குறைவாகச் சேர்வதில்லை.

இன்குபேட்டரில் இன்னொரு சிக்கல் உண்டு. வெப்ப உணரி இன்குபேட்டருக்குள் இருந்தால் அங்குள்ள சூட்டையே காற்றின் சூடு என்று எண்ணி, கருவி ஹீட்டரைத் தணித்துவிடும். குழந்தைக்குச் சூடு தரும் வார்மர் விளக்கின் கீழே இருந்தாலும் அப்படித்தான். அதனால் உணரியை இன்குபேட்டருக்கு வெளியே வைத்து, உள்ளே போகும் பகுதிக்கு வயர் இல்லாத இணைப்புக் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். உள்ளே சூடு இருப்பதால் அங்கே தண்ணீர் கோர்க்காது. வார்மர் என்றால் உணரியின் மேல் ஒளியைத் திருப்பும் ஒட்டு வைக்கிறார்கள். ஆனால் குழந்தை வளர்ந்து இன்குபேட்டரின் வெப்பத்தைக் குறைக்கும்போது அதே இணைப்புக் குழாயில் தண்ணீர் சேரத் தொடங்கும். இன்குபேட்டர் 34 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அந்த இணைப்பைக் கழற்றிவிட்டு வயர் உள்ள குழாயையே உள்ளே கொண்டுபோகலாமா என்று பார்க்க வேண்டும்.